கத்தி, கல், கதிர், மணல்

குமரி மாவட்டத்துத் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் திருவிழா என்றால் இரவில் கதகளி உண்டு. தமிழ்நாட்டில் வேறெங்கும் எளிதில் பார்க்கக் கிடைக்காத காட்சி இது. 1956 நவம்பர் 1 வரை இந்த ஊர் மலையாளத் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்ததன் மிச்சம் என்று சொல்லலாம். வேடக்காரர் அணியறையில் பாயில் மல்லாந்து கிடப்பார். தலைமாட்டில் உட்கார்ந்து ஒருவர் மணிக்கணக்காக முகம் எழுதுவார். நளனுக்கும் தருமபுத்திரருக்கும் பூசுகிற அந்தப் பச்சை இலையிலிருந்து வருவதல்ல. மனையோலை என்ற மஞ்சள் கல்லை அரைத்து, நீலம் சேர்த்து, வெளிச்செண்ணெயில் (தேங்காயெண்ணெயில்) குழைத்தால் கிடைக்கும் நிறம் அது. மனையோலை ஆர்சனிக்கும் கந்தகமும் கூடிய கனிமம். சித்த வைத்தியர்கள் இதை அரிதாரம் என்பார்கள், தாளகம் என்றும் சொல்வார்கள்.

முகத்துக்கு நிறம் கொடுக்கும் இந்தக் கல்லுக்கு இன்னொரு பழைய வேலையும் இருந்தது. உடம்பில் முளைத்த முடியை உதிர்ப்பது.

சுசுருத சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதி, முதல் அத்தியாயத்திலேயே புண்ணை ஆற்ற அறுபது வழிகளை வரிசைப்படுத்துகிறது. அவற்றில் முடி நீக்குவதும் ஒன்று. அழகுக்காக அல்ல. முடி மூடிய இடத்தில் புண் ஆறாது என்பதால்தான் சவரக்கத்தி, கத்தரி, முள்வாங்கி மூன்றில் ஒன்றை எடுக்கச் சொல்கிறது. கூடவே ஒரு களிம்பும் சொல்கிறது: சங்கைச் சுட்ட பொடி இரண்டு பங்கு, அரிதாரம் ஒரு பங்கு, குழைக்கப் புளித்த காடி. சுண்ணாம்பையும் அரிதாரத்தையும் சேர்த்த களிம்பு மேற்கு ஆசியக் குளியலறைகளிலும் நூற்றாண்டுக் கணக்கில் புழங்கியிருக்கிறது. யாரிடமிருந்து யார் கற்றார்கள் என்ற சண்டையில் பலன் இல்லை. கல்லும் சுண்ணாம்பும் இருந்த இடத்தில் எல்லாம் யாரோ ஒருவர் கையைச் சுட்டுக்கொண்டு கண்டுபிடித்திருப்பார்.

வேதியியல் எளிமையானது. முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து வைப்பவை கந்தகப் பாலங்கள். சுண்ணாம்பும் அரிதாரமும் ஈரத்தில் சேரும்போது பிறக்கும் சல்பைடு அந்தப் பாலங்களை அறுக்கிறது. முடி கூழாகிவிடும், ஓலைக்கீற்றால் வழித்தாலே வந்துவிடும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் மாட்டுத்தோலின் முடியைக் களையச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த தொட்டியில் ஊறவைப்பார்கள். சுசுருதர் செய்ததும் அதுதான். கடையில் விற்கும் முடி நீக்கும் கிரீமும் இதே குடும்பம். ஆர்சனிக்கை விட்டுவிட்டு, தயோகிளைக்காலிக் அமிலத்தின் உப்பைச் சேர்த்திருக்கிறார்கள். வாசனைத் திரவியம் எவ்வளவு கொட்டினாலும் அடியில் ஒரு கந்தக வாடை தலைகாட்டுவது இதனால்தான்.

கிரீமானாலும் அரிதாரமானாலும் தோலுக்கு மேலே நிற்கும் முடியைத்தான் கரைக்கும். வேர் உள்ளேயே இருக்கும். சில நாளில் திரும்ப வரும்.

குமரி மாவட்டத்து வீடுகளில் இவ்வளவு வீரியமான எதையும் பெண்கள் தொட்டதில்லை. கஸ்தூரி மஞ்சள், பயற்றமாவு, குப்பைமேனி இலை: குளிக்குமுன் அரைத்துப் பூசி, காய்ந்ததும் முடியின் போக்குக்கு எதிராகத் தேய்த்து எடுப்பது வழக்கம். பிறந்த குழந்தைக்கு உருக்கு வெளிச்செண்ணெய் தடவி, மாவு உருண்டையால் முதுகையும் நெற்றியையும் உருட்டுவார்கள். பூமயிர் போய்விடும் என்பது பாட்டிமார் கணக்கு. குழந்தையின் பூமயிர் எப்படியும் சில வாரங்களில் தானாக உதிரும். பெயர் மட்டும் மாவு உருண்டைக்குப் போய்விட்டது. மஞ்சள் வேரைத் தொடுவதில்லை. தேய்ப்பில் அறுந்துபோகும் மெல்லிய முடிதான் அதன் சாதனை.

வீட்டுக்கு வெளியே இந்த வேலை ஒரு சாதியின் கையில் இருந்தது. தமிழில் கத்தரிக்கோல் பற்றிய பழைய பதிவுகளில் ஒன்று பொருநராற்றுப்படையில் இருக்கிறது. கரிகாலனைப் பாடிய முடத்தாமக்கண்ணியார், பாடினியின் காதுக்கு உவமையாக மயிர் குறைக்கும் கருவியின் வளைந்த கைப்பிடியைக் காட்டுகிறார். கேட்டவர்களுக்கு உடனே புரிந்திருக்க வேண்டும் என்றால், அந்தக் கருவி ஊர்தோறும் கண்ணில் பட்டிருக்க வேண்டும். அதைப் பிடித்திருந்த கையைப் பற்றித்தான் பாட்டில் பேச்சில்லை.

அந்தக் கையைக் கவனித்து எழுதியவர் வெளிநாட்டுக்காரர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா, ஊர் நாவிதர்தான் ஊரின் அறுவை மருத்துவரும் என்று குறித்துவைத்தார். உறுப்பை அறுக்க வேண்டுமானால் சவரக்கத்தி, கட்டி கீற வேண்டுமானால் நகம் வெட்டும் கூர்முனை. அவரிடம் இருந்த கருவிகள் அவ்வளவுதான் என்பது அவர் எழுதியதன் சாரம். 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளும் நாவிதர் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்ப்பதைச் சொல்கின்றன. நாவிதரின் கருவிப் பையான அடைப்பத்துக்குள் கத்தி, தீட்டுக்கல், கிண்ணி, கத்தரி, முள்வாங்கி, காது குடையும் கம்பி எல்லாம் இருக்கும். கூலி காசாக வராது. கன்னிப்பூ அறுப்பிலும் கும்பப்பூ அறுப்பிலும் களத்தில் நெல் அளப்பார்கள்.

பழைய திருவிதாங்கூரில் இந்தத் தொழிலுக்குள்ளும் தட்டுகள் இருந்தன. உயர்ந்ததாகத் தன்னைச் சொல்லிக்கொண்ட சாதிக்குச் சவரம் செய்தவர் கீழே தள்ளப்பட்ட சாதிக்குச் செய்யமாட்டார்; அவர்களுக்கு வேறு நாவிதர். பிறப்பிலும் சாவிலும் மட்டும் எல்லா வீட்டு வாசலிலும் நாவிதர் தேவைப்பட்டார். குழந்தைக்கு முதல் முடி இறக்க, மணமகனுக்கு முகம் வழிக்க, பிணத்துக்குச் சவரம் செய்ய, கொள்ளிவைத்த மகனுக்கு மொட்டையடிக்க. பல சாதிகளில் சாவுச் சடங்கை நடத்திவைத்தவரும் அவரே. தமிழ்நாடு அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் மருத்துவர், நாவிதர் என்ற பெயர்களோடு ஒரே வரியில் பிராணோபகாரி என்ற பெயரும் இன்றைக்கும் அச்சாகிறது. தெற்குத் திருவிதாங்கூர்க்காரர்கள் நாவிதருக்கு வைத்திருந்த பெயர் அது. பெயர் பெரிது, திண்ணையில் உட்கார இடம் கிடைத்ததா என்பது வேறு விஷயம்.

மருத்துவம் அந்தக் கையைவிட்டுப் போன கதையும் இதே வட்டாரத்தில்தான் நடந்தது. 1838இல் லண்டன் மிஷன் சங்கம், தக்கலை தாண்டி இருக்கும் நெய்யூருக்கு ஆர்ச்சிபால்ட் ராம்சே என்ற மருத்துவரை அனுப்பியது. தென்திருவிதாங்கூர் மருத்துவ மிஷனின் தொடக்கம் அது. கட்டி கீறவும் எலும்பு சேர்க்கவும் ஆஸ்பத்திரி வந்தபின், அடைப்பத்தில் மிஞ்சியது சவரம் மட்டும். அதற்கும் 1986இல் ஒரு திருப்பம் வந்தது. சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்ட ஆண்டு அது. அதன்பின் வந்த விழிப்புணர்வுப் பிரசாரத்தில், பல தலைமுறையாகத் தோல்வாரில் தீட்டப்பட்ட கத்தி மெல்ல மறைந்து, ஒருமுறை மட்டும் போடும் பிளேடு சலூனுக்குள் வந்தது. வாடிக்கையாளர் கண்முன் பிளேடை இரண்டாக ஒடித்துப் பிடியில் செருகிக் காட்டுவது இன்று மார்த்தாண்டம் சலூன்களிலும் ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. 2021இல் தமிழ்நாடு அரசு, அறநிலையத் துறைக் கோயில்களில் மொட்டையடிக்கக் கட்டணம் இல்லை என்று அறிவித்தது; அங்கே பணியாற்றும் நாவிதர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் தருவதாகவும் அறிவித்தது.

ஆனால் கத்தி எவ்வளவு கூர்மையானாலும் கேட்கிறவர் கேட்பது ஒன்றுதான்: திரும்ப வராமல் செய்ய முடியுமா?

இந்தக் கேள்விக்கு அறிவியல் கொடுத்த முதல் பதில் மெதுவானது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல், இமை முடி உள்நோக்கி வளைந்து விழியை உரசும் நோயாளிகளுக்காக 1875இல் ஒரு முறையை வெளியிட்டார். மெல்லிய ஊசியை மயிர்க்காலுக்குள் இறக்கி மின்சாரம் பாய்ச்சுவது. ஒவ்வொரு முடிக்கும் ஒரு குத்து. வேர் சாகும், உண்மையிலேயே திரும்ப வராது. கறுப்போ நரையோ செம்பட்டையோ, எந்த நிறத்துக்கும் வேலை செய்யும். மின்பகுப்பு என்ற அந்த முறை இன்றும் இருக்கிறது. முகவாயில் பத்து முடி இருப்பவருக்குச் சரி; கால் முழுக்க எடுக்க நினைப்பவர் மாதக்கணக்கில் படுத்துக்கிடக்க வேண்டும்.

இரண்டாவது பதில் ஆபத்தானது. 1895 நவம்பரில் ஜெர்மானிய இயற்பியலாளர் ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டார். அடுத்த ஆண்டே வியன்னாவில் லியோபோல்ட் ஃப்ராய்ண்ட் என்ற இளம் மருத்துவரிடம் 5 வயதுச் சிறுமி ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். முதுகெங்கும் அடர்ந்த முடியோடு கூடிய மச்சம். கதிர்க் குழாயோடு வேலை செய்பவர்களுக்கு முடி கொட்டுவதை ஃப்ராய்ண்ட் கேள்விப்பட்டிருந்தார். தினம் இரண்டு மணி நேரமாகப் பத்து நாள் அந்தக் கதிரை அவள் முதுகில் விழச்செய்தார். முடி உதிர்ந்தது. பிறகு புண் வந்தது. அவள் கிழவியான பிறகும் முதுகில் தழும்பு இருந்தது. கதிர் மருத்துவத்தின் வரலாறு எழுதுகிறவர்கள் பலர் புற்றுநோயிலிருந்து தொடங்குவதில்லை. இந்த முடியிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அதன்பின் நடந்தது, விஞ்ஞானம் கடைத்தெருவுக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம். 1920களில் நியூயார்க் மருத்துவர் ஆல்பர்ட் கைசர் ‘ட்ரைக்கோ’ என்ற கதிர்ப் பெட்டியை அழகு நிலையங்களுக்கு வாடகைக்குக் கொடுத்தார். வலியில்லை, தழும்பில்லை, நிரந்தரம் என்று விளம்பரம். சில வாரப் பயிற்சி பெற்ற ஊழியர்கள் ஆயிரக்கணக்கான பெண்களின் கன்னத்திலும் முகவாயிலும் கதிரை விழவைத்தார்கள். முடி போனது நிஜம். சில ஆண்டு கழித்துத் தோல் சுருங்கியது, வெடித்தது, பலருக்குப் புற்றாக மாறியது. மருத்துவர்களும் கைகட்டி நிற்கவில்லை, அவர்களும் செய்தார்கள்: தலைப் படர்தாமரை வந்த குழந்தைகளுக்கு மொட்டையடிக்கிற வேலையைக் கதிரிடம் விட்டார்கள். இஸ்ரேலில் 1950களில் குடியேறிய குடும்பங்களின் குழந்தைகள் ஏராளமானோர் இப்படிக் கதிர் பட்டு, பின்னாளில் கட்டியும் புற்றும் கண்டார்கள். அவர்களுக்கு இழப்பீடு தர அந்நாடு 1994இல் தனிச்சட்டம் போட்டது.

நெய்யூருக்கும் கதிர் வந்தது, ஆனால் சரியான வாசல் வழியாக. 1922 எவரெஸ்ட் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்த ஹோவர்ட் சோமர்வெல் என்ற அறுவை மருத்துவர், நெய்யூர் ஆஸ்பத்திரியின் கூட்டத்தைப் பார்த்து அங்கேயே தங்க முடிவெடுத்தார். 1924இல் மறுபடி எவரெஸ்டில் ஆக்சிஜன் இல்லாமல் 8,500 மீட்டர் தாண்டினார். திரும்பி வந்தது நெய்யூருக்கு. வெற்றிலையும் புகையிலையும் ஊரையே வாய்ப்புற்றில் தள்ளிய காலம். அங்கே பணியாற்றிய ஓர் (Orr) என்ற மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்றைப் பற்றி 1933இல் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரை இன்றும் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டுவது. வாய்ப்புற்றுக்கு ரேடியம் வைத்துச் சிகிச்சை செய்த இடங்களில் நெய்யூரும் ஒன்று. நியூயார்க்கில் மீசையை எடுக்கச் செலவான கதிரும், நெய்யூரில் கூலிக்காரரின் நாக்கைக் காப்பாற்றப் பயன்பட்ட கதிரும் இயல்பில் ஒன்றே. பிடித்திருந்த கைதான் வேறு.

லேசர் மூன்றாவது பதில்.

தூண்டப்பட்டு வெளிவரும் ஒளி என்ற கருத்தை ஐன்ஸ்டைன் 1917இல் காகிதத்தில் எழுதினார். 1960 மே 16 அன்று கலிபோர்னியாவில் தியோடர் மைமன் ஒரு செயற்கை மாணிக்கக் கம்பியிலிருந்து அந்த ஒளியை முதன்முதலாக எடுத்தார். சிவந்த ஒளி, 694 நானோமீட்டர் அலைநீளம். மூன்றே ஆண்டில் சின்சினாட்டித் தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மன் அதைத் தோலில் பாய்ச்சிப் பார்த்துவிட்டார். கறுத்த முடியும் கறுத்த மச்சமும் பக்கத்துத் தோலைவிட அதிகம் சூடேறுவதைக் கவனித்தார். கவனித்ததைக் கோட்பாடாக்க இருபது ஆண்டு ஆனது. 1983இல் ஹார்வர்டைச் சேர்ந்த ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் ‘சயன்ஸ்’ இதழில் எழுதியதன் சாரம் இது: எதைச் சுட வேண்டுமோ அது மட்டும் உறிஞ்சும் நிறத்தில் ஒளியைத் தேர்ந்தெடு, அந்தச் சூடு பக்கத்துக்குப் பரவுமுன் ஒளியை நிறுத்து. நிறமும் நேரமும் சரியாக அமைந்தால், தோலைக் கீறாமலே தோலுக்குள் இருப்பதைச் சுடலாம்.

முடியில் அந்த நிறம் மெலனின். ஒளி முடித்தண்டின் மெலனினில் புகுந்து சூடாகிறது. சூடு தண்டு வழியே இறங்கி, மயிர்க்காலின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் வேர்ச்செல்கள்வரை பரவி அவற்றைக் கெடுக்கிறது. மயிர்க்கால் முற்றிலும் செத்தால் முடி முளைக்காது. அரைகுறையாகக் கெட்டால் மெலிந்து, வெளுத்து, தாமதமாக முளைக்கும். 1996இல் ஆண்டர்சன் குழு மாணிக்க லேசரைக் கொண்டு செய்த மனித ஆய்வை வெளியிட்டது. பங்கேற்ற தன்னார்வலர்கள் 13 பேர். அதன்பின் சந்தை விரிந்தது. மாணிக்கத்துக்குப் பின்னால் 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் வந்தது. நவரத்தினத்தில் வைடூரியம் எந்தக் கனிமமோ, அதே கனிமத்தின் இன்னொரு வகை அலெக்சாண்ட்ரைட்; இலங்கையின் இரத்தினபுரிக் கற்கடைகளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எந்திரத்துக்குள் இருப்பது ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கல். பிறகு 800 நானோமீட்டரை ஒட்டி டயோடு லேசர்.

இங்கே ஒரு சிக்கல். மெலனின் முடியில் மட்டும் இருப்பதில்லை. தோலிலும் இருக்கிறது, அதுவும் ஒளி முதலில் நுழையும் மேல்தோலில். வெள்ளைத் தோலும் கறுத்த முடியும் உள்ளவருக்கு ஒளி நேராக முடியைத் தேடிப் போகும். மாநிறமும் கறுப்புமான தோலில் பாதி வழியிலேயே தோல் அதைக் குடித்துவிடும். விளைவு கொப்புளம், கருந்திட்டு, சிலசமயம் வெள்ளைத் திட்டு. தோல் வெயிலுக்கு எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதை வைத்து அமெரிக்க மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் வகுத்த பிரிவு முதலில் வெள்ளைத் தோலுக்குள்ளே மட்டும்தான் வகை பிரித்தது. ஐந்தாவது, ஆறாவது வகைகள், அதாவது பழுப்பும் கறுப்பும், பின்னால் சேர்க்கப்பட்டவை. குமரி மாவட்டத்து வயல்வெளியிலும் கடற்கரையிலும் பார்க்கும் தோல் பெரும்பாலும் நான்கு முதல் ஆறுவரை வரும். உலகத்தில் அதிகம் பேருக்கு இருக்கும் தோலுக்கு ஏற்ற எந்திரம் கடைசியில் வந்தது என்பதை மென்மையாகச் சொல்ல வழியில்லை.

அப்படி வந்தது 1,064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர். இட்ரியம், அலுமினியம் சேர்ந்த படிகத்தில் சிறிதளவு நியோடிமியம் கலந்தது. இந்த லேசர் 1964இலேயே பெல் ஆய்வகத்தில் பிறந்துவிட்டது; முடிக்கு வந்ததுதான் கடைசியில். நீண்ட அலைநீளத்தை மெலனின் குறைவாகவே உறிஞ்சும். எனவே மேல்தோல் தப்பிக்கிறது, ஒளி ஆழமாக இறங்கி வேரைத் தொடுகிறது. வெள்ளைத் தோலில் அலெக்சாண்ட்ரைட் அளவுக்கு வேகம் இல்லாதது கறுத்த தோலில் பாதுகாப்பாக மாறுகிறது.

இந்த நியோடிமியம் திருவட்டாறுக்குத் தூரத்துச் சரக்கல்ல. 1885இல் அதைத் தனியே பிரித்தெடுத்தவர் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக். அதே ஆண்டு அவர் காஸ் விளக்கின் வலைத்திரிக்குக் காப்புரிமை பெற்றார். திருவிழா ஊர்வலத்தில் தலையில் தூக்கிப்போன பெட்ரோமாக்ஸ் விளக்குக்குள் வெள்ளையாக ஒளிர்ந்ததே, அந்த வலைதான். அதற்குத் தோரியம் வேண்டும். தோரியம் மோனசைட் மணலில் இருக்கும். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், தெற்குத் திருவிதாங்கூரிலிருந்து வந்த கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டு, அதன் ஊர் மணவாளக்குறிச்சி என்று தேடி வந்து சேர்ந்தார். மோனசைட்டில் தோரியம் மட்டும் இல்லை. சீரியம், லாந்தனம், நியோடிமியம் என்று அருமண் உலோகங்களின் கூட்டமே இருக்கிறது. இன்று மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிப்பது இந்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம். மணல் அள்ளும் பரப்பை விரிக்கக் கூடாது என்று கிள்ளியூர் வட்டாரக் கடற்கரை மக்கள் போராடுகிறார்கள், அவர்கள் சொல்லும் காரணத்தில் கதிரியக்கமும் புற்றுநோய் அச்சமும் முன்னால் நிற்கின்றன. கறுத்த தோலுக்கு ஒத்துவரும் லேசரின் உயிரான தனிமம் கிடக்கும் கரையில், அந்த மணலின் விலையைக் கொடுப்பவர்கள் வேறு மனிதர்கள்.

மார்த்தாண்டம், நாகர்கோவில் கடைத்தெருக்களில் நூல் போடுவதும் மெழுகு போட்டு இழுப்பதும் நடக்கும் பார்லர்களுக்கு நடுவே இப்போது லேசர் பலகைகளும் தொங்குகின்றன. போகிறவர் என்ன எதிர்பார்க்கலாம்?

முதலில், ஒரு தடவையில் தீராது. தலைமுடியும் உடல்முடியும் வளரும், ஓயும், உதிரும். லேசர் கொல்வது வளர்ந்துகொண்டிருக்கும் முடியை மட்டும், ஏனென்றால் அப்போதுதான் வேரும் நிறமியும் இணைந்து நிற்கும். உறங்கும் முடி அடுத்த முறைக்குக் காத்திருக்கும். ஆகவே ஆறு முதல் எட்டு அமர்வு, முகத்துக்கு நான்கு வாரம் முதல் ஆறு வாரம், உடம்புக்கு ஆறு முதல் எட்டு வாரம் இடைவெளி என்பது வழக்கமான கணக்கு. அதற்கு முந்தைய நான்கைந்து வாரம் நூல், மெழுகு, முள்வாங்கி எதுவும் கூடாது. வேரைப் பிடுங்கிவிட்டால் ஒளிக்கு அங்கே சுட என்ன இருக்கும்? சவரம் செய்யலாம், செய்துதான் வர வேண்டும். நீண்ட முடி தோலின்மேல் எரிந்தால் தோலும் கருகும்.

அந்த லேசரின் அலைநீளத்துக்கு ஏற்ற பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். அறையில் இருக்கும் எல்லோருக்கும். கண்ணுக்குள் போகும் லேசருக்கு மருந்தில்லை. கைப்பிடி நுனியில் குளிர்ந்த நீலக்கல், அல்லது குளிர்காற்று, தோலைக் காப்பாற்ற. ஒவ்வொரு துடிப்பும் ரப்பர் பேண்டால் சுண்டியது போல இருக்கும். முடி கருகும் வாடை அடிக்கும். மேலுதட்டிலும் அக்குளிலும் வலி அதிகம். முடிந்தபின் ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் சின்னச் சிவந்த வீக்கம் வந்தால் அது நல்ல அறிகுறி, ஓரிரு நாளில் அடங்கும். கொப்புளமோ மேல்தோல் வெளுத்ததோ நல்ல அறிகுறி அல்ல. செத்த முடி அன்றே போகாது. ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் ‘முளைக்கிறதே’ என்று பயப்படும்படி வெளியே தள்ளி உதிரும். அதுவரை வெயிலைத் தவிர்ப்பதுதான் பெரிய வேலை. மாசி, பங்குனி வெயிலில் ஆற்றுக்குக் குளிக்கப் போய்விட்டு மறுநாள் லேசருக்கு உட்காருவது தோலைக் கெடுக்க நேர்வழி.

நரைத்த முடிக்கு லேசர் பயன்படாது. மெலனின் இல்லாத இடத்தில் ஒளி எதையும் தேடாது. அதற்குப் பழைய மின்பகுப்புதான். கறுத்த தோலில், குறிப்பாகப் பெண்களின் முகவாயிலும் கழுத்திலும், லேசருக்குப் பின் முன்பு இல்லாத இடத்தில் முடி அடர்ந்து வளர்வதும் உண்டு. மருத்துவர்கள் இதை மறைப்பதில்லை, விளம்பரங்கள் சொல்வதுமில்லை. சூடு போதாத குறைந்த அளவு ஒளி ஓய்ந்திருந்த மயிர்க்காலைத் தட்டி எழுப்பிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். பிசிஓடி என்று சுருக்கிச் சொல்லப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருப்பவர்களுக்கு உள்ளிருக்கும் ஹார்மோன் அடங்காத வரை புதிய முடி முளைத்துக்கொண்டே இருக்கும். முகத்தில் திடீரென்று முடி கூடிய பெண்ணுக்கு முதலில் தேவை இரத்தப் பரிசோதனை. எந்திரம் பிறகு.

‘நிரந்தரம்’ என்ற சொல்லையும் கொஞ்சம் நிறுத்துப் பார்ப்பது நல்லது. 1990களின் பிற்பகுதியில் இந்த எந்திரங்களுக்கு அனுமதி கொடுத்த அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், விற்பவர்கள் நிரந்தர நீக்கம் என்று சொல்லக் கூடாது, நிரந்தரக் குறைப்பு என்றே சொல்லலாம் என்று வரையறுத்தது. இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் தலைப்பிலேயே ‘குறைப்பு’ என்ற சொல்லைத்தான் போடுகிறது. ட்ரைக்கோ பெட்டிக்காரர் சொன்ன அதே சொல்லை இன்றைய பலகையிலும் படிக்கும்போது, நின்று கேட்பதில் தவறில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள் சில. எந்திரம் எந்த லேசர், அலைநீளம் என்ன? இயக்குபவர் தோல் மருத்துவரா, அவர் அறையில் இருப்பாரா? சிறிய இடத்தில் சோதனையாக ஒரு துடிப்பு கொடுத்து, ஓரிரு வாரம் பார்த்த பிறகு தொடங்குவார்களா? எட்டு அமர்வுக்கும் முன்பணம் கேட்டு, சோதனைத் துடிப்பு தேவையில்லை என்று சொல்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம். கருவுற்றவர்கள் தள்ளிப்போடலாம், முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், அடிபட்ட இடத்தில் தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்களும் அதை மருத்துவரிடம் சொல்லாமல் உட்காரக் கூடாது. திருவட்டாறிலிருந்து போகக்கூடிய தூரத்தில், நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. லேசருக்குப் பணம் கட்டுமுன் அங்கே தோல் மருத்துவப் பிரிவில் ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள். வெளிநோயாளிச் சீட்டுக்குக் கட்டணம் கிடையாது.